அத்தான் கண்ணை நம்பிய நாள்

என் அக்காவின் வீட்டுக்காரரிடம் ஒரு பொருளைக் காட்டி "இது என்ன நிறம், அத்தான்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நீங்களும் நானும் சிவப்பு என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். அவர் முதலில், எந்த வெளிச்சத்தில் என்று கேட்பார். பிறகு அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோவார், திருப்பி உள்ளே கொண்டுவருவார், கடைசியில் நிறம் அளக்கும் கருவியை வைத்து அளந்து மூன்று எண்களைச் சொல்வார். அதற்குள் கேட்டவருக்கு எதற்காகக் கேட்டோம் என்பதே மறந்திருக்கும்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பிரிண்டிங் கடையை நடத்திவந்தோம். கடை அக்காவுடையது. புகைப்படங்கள், ஓவியங்களின் நகல்கள், கடைகளில் மாட்டும் பெரிய படங்கள் எல்லாம் இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டுக் கொடுப்போம். முன்னால் கவுன்ட்டரில் நான், எங்கள் குடும்பத்தில் வாய் எனக்குத்தான் என்பதால். உள்ளறையில் ஆர்டரும் கணக்கும் பார்ப்பது அக்கா. அதற்கும் பின்னால் இருக்கும் அறையில் அத்தான். அந்த அறையில் சுவர் சாம்பல், மேசை சாம்பல், திரைச்சீலை சாம்பல், அவர் போட்டிருக்கும் சட்டையும் சாம்பல். கலர் சட்டை போட்டால் அதன் சாயல் பிரிண்டில் விழுந்து ஏமாற்றும் என்பது அவர் கட்சி. ஒருநாள் நான் மஞ்சள் உடையோடு டீ கொண்டுபோனபோது, "அங்கயே நில்லும்மா, நான் வந்து வாங்கிக்கறேன்" என்றார். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, 'சாம்பல்' என்றால் தெரியும்.

அவர் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிரிண்டர் ஒரு பொய்யன். கம்ப்யூட்டர் ஒரு பச்சையைக் கேட்டால் அது வேறொரு பச்சையைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும். ஆனால் அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரே தாள், ஒரே மை என்றால் எப்போதும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். பத்தை எப்போதும் பன்னிரண்டு என்று சொல்கிற ஆளிடம் இரண்டைக் கழித்துக்கொண்டால் போதுமே. அத்தான் செய்வது அந்தக் கழித்தல்தான். நூற்றுக்கணக்கான சின்னக் கட்டங்கள் உள்ள ஒரு தாளை அச்சிடுவார், கட்டத்துக்கு ஒரு நிறம். அதை நன்றாகக் காயவிடுவார். பிறகு கருவியை வரிசை வரிசையாக அதன்மேல் ஓட்டி, கேட்ட நிறம் எது, வந்த நிறம் எது என்று அளந்து, அந்த வித்தியாசத்தை எல்லாம் ஒரு கோப்பாக்கிவிடுவார். அதற்குப் பெயர் கலர் புரொஃபைல். அதற்குப் பிறகு பிரிண்டர் பொய் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்பே அது திருத்திவிடும். தாள் மாறினால் வேறு புரொஃபைல், மை மாறினால் இன்னொன்று. இப்படியே அவருடைய நாட்கள் போகும். அலுப்பு என்பதை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கண்ணால பாத்து எதையும் முடிவு பண்ணாதம்மா," என்பார் என்னிடம். "கண்ணு தனக்குப் பிடிச்சதச் சொல்லும். கருவிக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சும்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்க அதுக்கு மெஷினே வாங்கி வச்சிருக்கீங்க," என்பேன் நான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு நோயில் அவளுடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பது செயற்கைக் கண். பழுப்பு நிறம்தான், நன்றாகச் செய்ததுதான். ஆனாலும் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சிவப்போடியது. கல்யாணத்துக்கு முன்னால் செய்து போட்டது, நாளாக ஆக மஞ்சளும் ஏறிவிட்டது. எங்கே போனாலும் அக்கா முதலில் தேடுவது சுவரை. இடது தோளைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். வருகிறவர்கள் எல்லாரும் வலது பக்கம்தான் உட்கார முடியும். போட்டோ எடுத்தால் தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்வாள், வலது கண் மட்டும் தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டு ஆல்பங்களில் அவள் எப்போதும் யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இடது பக்கம் உட்கார அனுமதி உள்ள ஒரே ஆள் அத்தான். அந்தப் பக்கம் அவளுக்குப் பார்வை இல்லை அல்லவா, கதவு விளிம்பு, வருகிற சைக்கிள், மேசை மூலை எதுவும் தெரியாது. அதனால் கல்யாணமான புதிதிலேயே அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். தெருவில் நடந்தாலும் இடது பக்கம், பஸ்ஸில் ஏறினாலும் இடது பக்கம், வீட்டில் டீ குடிக்கும்போதும் இடது பக்கம். "எனக்கு அந்தப் பக்கத்துக் காவல்காரர்" என்று அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும். காவல் காக்கிறவர் காவலைப் பார்ப்பாரா, என்னைப் பார்ப்பாரா என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் என் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கவுன்ட்டரில் இனி யார் என்ற பேச்சு எழுந்தது.

"ஒரு ஆளப் போட்டுக்கலாம்க்கா," என்றேன்.

"எதுக்கு? நான் உக்காந்தா ஆகாதா?" என்றாள் அக்கா, படக்கென்று. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. "ஆகாதுதான். வர்றவங்க எந்தக் கண்ணப் பாத்துப் பேசறதுன்னு தெரியாம முழிப்பாங்க. நானும் கூடச் சேந்து முழிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அவள் ஆசைப்பட்ட நாற்காலி என்று அன்றுதான் தெரிந்தது. சொந்தக் கடையில், முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களை நேருக்கு நேர் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் நின்றிருந்தது. அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே அக்காவைச் செயற்கைக் கண் செய்பவரிடம் அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். மனிதர் நல்லவர், கலகலப்பானவர். நான் அவருக்கு முழிக்காரர் என்று பெயர் வைத்தேன். மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு தட்டு நிறையக் கண்கள், எல்லாம் நம்மையே பார்க்கும். கருவிழியை இப்போது அவர் கையால் தீட்டுவதில்லையாம். இருக்கிற கண்ணைப் போட்டோ எடுத்து, இங்க்ஜெட்டில் சின்ன வட்டமாக அச்சிட்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரித் தெளிவான அக்ரிலிக்கை ஊற்றி இறுக வைத்துவிடுகிறார். வேலை சுலபம், நுணுக்கமும் நன்றாக வருகிறது. ஒரே ஒரு தொல்லைதான்.

"அக்ரிலிக் ஊத்தினதும் கலர் இருட்டாயிடுது சார். செகப்பும் அடிக்குது. அதனால முன்னாடியே கொஞ்சம் பச்சையக் கூட்டிப் போடுவேன், ஒரு குத்துமதிப்பா."

குத்துமதிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவர் பெற்றோரைத் திட்டியதுபோல ஆகிவிட்டது.

"உங்க பிரிண்டர என்கிட்ட விடுங்க," என்றார். "அளவு உங்க பொறுப்பு, கலர் என் பொறுப்பு."

அதன் பிறகு அவரைக் கடையில் பிடிப்பதே கஷ்டமாகிவிட்டது. அந்த மாடி அறையே கதி என்று கிடந்தார். கட்டங்கள் போட்ட தாளை அச்சிட்டு அப்படியே அளந்தால் இங்கே பயனில்லை, ஏனென்றால் பொய்யில் பாதியை அக்ரிலிக் சொல்கிறது. எனவே தாளின்மேல் அக்ரிலிக்கை மெல்லிய தகடாக இறுக வைத்து, அதற்கு மேலிருந்து அளக்க வேண்டும். முதல் தாளில் மை காய்வதற்கு முன்பே அவசரப்பட்டு ஊற்றிவிட்டார்கள். எல்லா நிறமும் ஓடிக் கலந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மாட்டிவைக்கலாம்போல. இரண்டாவது தாள் முழுக்கக் காற்றுக் குமிழ்கள். மூன்றாவதுதான் கண்ணாடிபோல வந்தது.

"எல்லாருக்கும் கறுப்புக் கண்ணுதானே அத்தான், இதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"கறுப்புக் கண்ணுன்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாம் பிரவுன்தான். அதுவும் இருட்டு பிரவுன். பிரிண்டர் ரொம்பக் குழம்பறது அங்கதான், எல்லா மையையும் மேல மேல கொட்டிடும். வானத்து நீலம்னா நான் தூக்கத்துலயே செஞ்சு குடுத்துடுவேன்."

ஒருவழியாகப் புரொஃபைல் தயாரானது. சோதனைக்காக ஏதேதோ பழுப்பு நிறங்களை அச்சிட்டு, அக்ரிலிக்குக்கு அடியில் வைத்து அளந்து பார்த்தார். கேட்டதும் வந்ததும் ஒன்றாக இருந்தன. முழிக்காரர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி மாதிரி வேண்டும். அத்தான் அக்காவைச் சாம்பல் அறைக்குள் உட்கார வைத்து, முகத்தின் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து, போட்டோ எடுத்தார். கருவிழியின் அளவை ஒப்பிட இரண்டு கண்களும் வேண்டும் என்று முழிக்காரர் கேட்டிருந்ததால் இரண்டையும் கிட்டத்தில் எடுத்தார். அன்று மத்தியானம் நான் உள்ளே போனபோது திரையில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இமை இல்லை, முகம் இல்லை, சாம்பல் பின்னணியில் இரண்டு பழுப்பு வட்டங்கள் மட்டும்.

"இதுல அக்காவோட சொந்தக் கண்ணு எது அத்தான்?"

"இதுகூடத் தெரியலையா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் அவ."

அவர் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நிறத்தைப் பற்றி அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கருவியைத் தேடவில்லை, எந்த வெளிச்சம் என்று கேட்கவில்லை. அந்த வட்டம்தான் அச்சுக்குப் போனது.

கண் தயாரானதும் மூன்று பேரும் மாடி ஏறினோம். முழிக்காரர் பழைய கண்ணை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, புதியதைக் கழுவி, பொருத்தினார். அக்கா இரண்டு மூன்று முறை சிமிட்டினாள். அத்தான் வழக்கம்போல இடது பக்கம் நின்றுகொண்டு, குனிந்து பார்த்து, "அப்படியே இருக்கு" என்றார்.

அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். முகத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "அப்படியேதான் இருக்கு," என்றாள். "பழைய மாதிரியே."

நான் அவள் முன்னால் போய் நேராகப் பார்த்தேன். வலது கண் ஒரு பழுப்பு, இடது கண் அந்தப் பழைய சிவப்போடிய பழுப்பு. முழிக்காரர் தட்டிலிருந்த பழைய கண்ணை எடுத்தார். கூடவே செய்து வைத்திருந்த உபரிக் கருவிழியை அதன் பக்கத்தில் வைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. ஏறியிருந்த மஞ்சள்கூட அப்படியே வந்திருந்தது.

"சார்," என்றார் மெதுவாக. "இது இதோட காப்பி."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்கும்போது அதன் முகத்தை யாரும் பார்த்ததில்லை, நான் பார்த்தேன். அத்தான் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். புரொஃபைலில் தவறில்லை. பிரிண்டரில் தவறில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறது. கேட்டதுதான் தப்பு. நிஜக் கண்ணை விட்டுவிட்டு, அந்தச் செயற்கைக் கண்ணைக் காட்டி இதுதான் என் மனைவி என்று சொல்லியிருக்கிறார்.

அன்று திரையில் இரண்டு வட்டங்களைப் பார்த்து நான் கேட்டதையும் அவர் தொட்டுக் காட்டியதையும் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ரெண்டுல எது நான்னு கேட்டதுக்கு, நீங்க இதையா காட்டினீங்க?"

"நான் தினமும் பாக்கறது அதத்தானே," என்றார் அத்தான். குற்றவாளிபோல நின்றார். "உன் இடது பக்கம் உக்காந்தா அந்தக் கண்ணுதானே தெரியும். அதப் பாத்துத்தானே பேசறேன். அதனால… அதுதான் நீன்னு மனசுல பதிஞ்சிடுச்சுபோல."

"அதப் பாத்தா பேசறீங்க?"

"பின்ன எதப் பாத்துப் பேசுவேன்?"

"நான்," என்று அக்கா தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "நீங்க ரோட்டப் பாக்கறீங்கன்னு நெனச்சேன். இத்தன வருஷமா."

முழிக்காரர் எதற்கோ குழாயைத் திறந்து கை கழுவினார். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் கட்டியது. செயற்கைக் கண் இருக்கும் பக்கமும் கண்ணீர் வரும், பலருக்கு அது தெரியாது.

சரியான மாதிரியை வைத்து வேறு செய்துவிடலாம், புரொஃபைல்தான் கையில் இருக்கிறதே, கொஞ்ச நாள் பொறுத்தால் போதும் என்றார் முழிக்காரர். அதுவரை புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டுக்கொள் என்றார் அத்தான். அக்கா, "இது வழுவழுன்னு சுகமா இருக்கு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது சுவர்ப் பக்கம் ஒதுங்காமல் நடுவில் இறங்கினாள். எனக்கு அது விசேஷமாகத் தெரியவில்லை, அப்போது.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனால் என் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, வாசலுக்கு நேராகப் போட்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். பின்னறையிலிருந்து அத்தான் அவசரமாக வந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன். சரியானது வந்துடும். இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் அஞ்சுக்கு மேல இருக்கு, நான் அளந்து பாத்துட்டேன். அஞ்சுன்னா யாருக்கும் கண்ணுல படும்."

"உங்க கண்ணுல பட்டுச்சா?" என்றாள் அக்கா.

அத்தான் கையிலிருந்த கருவியைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"கலர்தான் வேலைன்னு இருக்கற மனுஷன், பக்கத்துலயே உக்காந்து இத்தன வருஷம் பாத்திருக்கீங்க. உங்களுக்கே நான் நானாத்தான் தெரிஞ்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போற கஸ்டமருக்கா நான் பயப்படணும்?"

சரியான கண் பிறகு வந்தது. உண்மையிலேயே எது நிஜம் எது செயற்கை என்று சொல்ல முடியாத கண். அதே புரொஃபைலை வைத்து முழிக்காரர் இப்போது எத்தனையோ பேருக்குச் செய்துகொடுக்கிறார், பச்சையைக் கூட்டுவதில்லை. அக்கா சில நாள் அதைப் போடுகிறாள், சில நாள் அந்தத் தப்பானதைப் போடுகிறாள். காலையில் எது முதலில் கைக்கு வருகிறதோ அது.

ஆனால் அந்த முதல் நாள் அவள் போட்டிருந்தது தப்பான கண்தான். நான் உள்ளே வந்து பையை வைப்பதற்குள் ஒருவர், சுருட்டிய ஓவியம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுழைந்தார். கவுன்ட்டரில் புது முகத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"நீங்க புதுசா? ஓனர் யாரும் இல்லீங்களா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு கண்ணாலும்.

"நான்தாங்க ஓனர். வாங்க. பிரிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

அவர் ஓவியத்தைப் பிரித்தார். நீலம் சரியாக வருமா என்று கவலைப்பட்டார். அவர் பார்த்ததெல்லாம் அவருடைய நீலத்தைத்தான். அத்தான் பின்னறையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் இடது பக்கம் போட்டார். இந்தத் தெரு வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் பார்க்க முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, அவள் பேசுவதைப் பார்க்க ஆரம்பித்தார்.